செவன் சிஸ்டர்ஸ் பாறைகளுக்குக் கோடைச் சுற்றுலா ஒழுங்கு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஜூலை மாதக் கடைசியில் பள்ளிகள் மூடியதும் நீங்கள் கோச் பிடிக்கிறீர்கள். குழந்தைகள், பெற்றோர், தாத்தா பாட்டிமார் என்று ஐம்பது அறுபது பேரை ஒரே நாளில் கடற்கரைக்கு அழைத்துப் போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். நன்றியைவிடக் குறையே அதிகம் கேட்கிறீர்கள். இந்த மடலும் அந்தக் குறைகளில் ஒன்றாகிவிடக்கூடாது என்ற எண்ணத்துடன்தான் எழுதுகிறேன்.

கிழக்கு சசெக்ஸின் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள் உங்களில் பலருடைய பட்டியலில் தவறாமல் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரி. கோச் பாறைகளின் கிழக்கு முனையில் உள்ள பர்லிங் கேப்பில் நிற்கும். ஒரு மணி நேரம் கொடுப்பீர்கள். எல்லோரும் நேரே பாறையின் விளிம்புக்குப் போவார்கள், முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்பி வந்து சாப்பிடுவார்கள். அடுத்த நிறுத்தம் பிரைட்டன். இந்த நிரலைக் கைவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதே பாறைகளுக்கு மேற்குப் பக்கத்தில், எக்ஸீட் என்னும் இடத்திலிருந்து காட்டையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பாறை உச்சியையும் சேர்த்து அரை நாளில் சுற்றி வரக்கூடிய வட்டப் பாதை இருக்கிறது. அதில் எங்கள் மக்களை நடக்க விடுங்கள். விளிம்பில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பதைவிட அது பாதுகாப்பானது. அதைவிட முக்கியம், அங்கே உண்மையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறதோ அதை அப்போதுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

இதைத் தமிழில், உங்களுக்கென்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 ஆகஸ்ட் 24 அன்று இதே கிழக்கு சசெக்ஸில், கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். அன்று நம்மில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஐந்து குடும்பங்களின் துயரத்தை ஒரு வாதத்துக்கு ஆதாரமாகப் பயன்படுத்த எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு நம் அமைப்புகள் கடலைப் பற்றி நம் மக்களுக்குப் போதிய அளவு சொல்லிக்கொடுத்தனவா என்ற கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. நீச்சல் வகுப்பு நடத்திய சங்கங்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். மற்றவர்கள் கோச் பிடிப்பதோடு நின்றுவிட்டோம்.

நாம் கடலோரத்தவர்கள்தான். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நாகப்பட்டினத்திலும் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கமே இங்கே நம்மை ஏமாற்றுகிறது. இலங்கைக் கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. காலையில் எந்த இடத்தில் பாயை விரித்தோமோ மாலையிலும் அநேகமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சசெக்ஸ் கரையில் பெரும்பெருக்கு நாட்களில் அந்த வேறுபாடு 6 மீட்டர் அளவுக்குப் போகிறது. இரண்டு மாடி வீட்டின் உயரம் அது. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் கடல் அவ்வளவு உயர்கிறது. செவன் சிஸ்டர்ஸின் அடிவாரத்தில், மேற்கே குக்மியர் ஆறு கடலில் சேரும் குக்மியர் ஹேவன் முதல் பர்லிங் கேப் வரை கூழாங்கல் கரை இருக்கிறதே, வற்று நேரத்தில் அது அகலமாக, அழைக்கும்படியாகத் தெரியும். பெருக்கில் தண்ணீர் பாறையின் காலைத் தொடும். இடையில் மேலே ஏறிவர ஒரு வழியும் இல்லை. பர்லிங் கேப்பில் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு, அதுவும் பாறைச் சரிவின் காரணமாகச் சில காலங்களில் மூடப்படும்.

இன்னொன்று. பெரும்பெருக்கு பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வரும். அந்த நாட்களில் இந்தக் கரையில் கடல் உச்சத்துக்கு வருவது நண்பகலை ஒட்டிய நேரத்தில், அதாவது நம் கோச்சுகள் வந்து நிற்கும் அதே நேரத்தில்! ஆகவே சுற்றுலாத் தேதியைக் குறிக்கும்போது, கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அது கைக்கு எட்டாவிட்டால், சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டியைப் பார்த்தால்கூடப் பாதி விஷயம் தெரிந்துவிடும். என் பரிந்துரை இன்னும் எளிது. பாறையடிக் கரையில் கிழக்கு நோக்கி நடப்பதை நிகழ்ச்சியில் சேர்க்கவே வேண்டாம்.

இனிப் பாறையைப் பற்றி. நம் மலைக்கோயில்கள் நிற்கும் கருங்கல் வேறு, இது வேறு. கோணேசர் கோயிலின் பாறை முனையில் நின்று கடலைப் பார்த்த நம்பிக்கையுடன் இங்கேயும் நிற்கிறோம். இது சுண்ணப்பாறை. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்றைய வெதுவெதுப்பான கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓட்டுத் துகள்கள் அடியில் படிந்து படிந்து இறுகியதுதான் இந்த மலை. நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வரும். அலை இதன் காலைத் தின்றுகொண்டே இருக்கிறது. மழைநீர் மேலிருந்து விரிசல்களில் இறங்குகிறது, குளிர்காலத்தில் உறைந்து விரிசலை விரிக்கிறது. ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு பெரிய துண்டு அப்படியே கழன்று போகிறது. வெயில் அடிக்கும் அமைதியான கோடை நாளில்கூட அது நடக்கும்.

மேலே நிற்பவருக்கு இது எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை. விளிம்பு வரைக்கும் பச்சைப் புல் மெத்தென்று பரந்திருக்கும். அந்தப் புல்லுக்குக் கீழே பாறை இருக்கிறதா, அலை அரித்த வெற்றிடம் இருக்கிறதா என்று நிற்பவரால் சொல்ல முடியாது. தூரத்தில் கடற்கரையில் நிற்பவர் பார்த்தால் மேலே நிற்கும் குடும்பம் ஓர் அரையடித் தடிப்புள்ள மண் நாக்கின் மேல் நிற்பது தெரியும். அப்படி நின்றவர்களைக் கீழிருந்து பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் காற்றில் கேட்காது. கையசைத்தால் அவர்களும் திரும்பக் கையசைக்கிறார்கள்.

இந்தக் கரை எவ்வளவு வேகமாகப் பின்வாங்குகிறது என்பதை அளந்திருக்கிறார்கள். பீச்சி ஹெட்டிலும் சீஃபோர்டுக்கு அருகே ஹோப் கேப்பிலும் செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை மட்டுமே அரிக்கப்பட்டு வந்த பாறைகள், கடந்த ஒன்றரை நூற்றாண்டாக ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டது. இது சராசரி என்பதை மறக்கக்கூடாது. ஆண்டுதோறும் ஒரு சாண் என்று ஒழுங்காகக் குறைவதில்லை. பல ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நொடியில் பல மீட்டர் போகும். பர்லிங் கேப்பில் கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் சிலவற்றை இடித்தாயிற்று. அதற்கு அப்பால் தெரியும் பெல் டவுட் கலங்கரை விளக்கத்தை 1999-இல் அடியோடு தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். ஒரு கற்கோபுரத்தையே நகர்த்த வேண்டி வந்த இடத்தில், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு விளிம்பில் நிற்கிறோம்.

டோவர் பாறைகளைவிட இவை வெண்மையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். டோவரில் துறைமுகமும் தடுப்புகளும் பாறையின் பல பகுதிகளைக் காக்கின்றன. அங்கே புல்லும் பாசியும் படர நேரம் கிடைக்கிறது. இங்கே யாரும் தடுப்பதில்லை. விழுந்து விழுந்து புதிய முகம் வெளியே வருகிறது. நம்மை இவ்வளவு தூரம் இழுத்து வரும் அந்த வெண்மை, பாறை இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு முறையிலேயே புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் ‘ஒரே ஒரு படம்’ என்ற பிடிவாதம். படத்துக்காகப் பின்னால் ஓரடி வைத்து, திரும்பி வராதவர்கள் இந்தக் கரையில் உண்டு.

போதும், அச்சுறுத்துவது என் நோக்கமில்லை. அங்கே போகாதீர்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. நான் விரும்பி நடக்கும் இடம் அது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது நடக்க வேண்டிய இடம். எப்படி நடக்கலாம் என்று சொல்கிறேன்.

எக்ஸீட், சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே பிரதான சாலையில் இருக்கிறது. செவன் சிஸ்டர்ஸ் கன்ட்ரி பார்க்கின் நுழைவாயில் அதுதான். 2021 முதல் சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்கா ஆணையம் இதை நடத்துகிறது. வாகன நிறுத்தமும் கழிப்பறைகளும் பார்வையாளர் நிலையமும் அங்கே உள்ளன. கோச் இல்லாதவர்களுக்கு பிரைட்டன் – ஈஸ்ட்போர்ன் பஸ் வாசலிலேயே நிற்கும். நான் சொல்லும் நடை இந்த ஓரிடத்தில் சந்திக்கும் இரண்டு வளையங்கள். வடக்கே காட்டு வளையம், தெற்கே கடல் வளையம். ஒன்றை முடித்துவிட்டு வந்து கழிப்பறைக்குப் போய், சாப்பிட்டு, தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். கூட்டமாக வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு இந்தக் கரையில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காட்டில் தொடங்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். கோச்சில் இரண்டு மணி நேரம் அடைந்து கிடந்த பிள்ளைகள் இறங்கியதும் ஓடத்தான் செய்வார்கள். அவர்கள் ஓடவேண்டிய இடம் பாறை உச்சி அல்ல. பார்வையாளர் நிலையத்துக்குப் பின்னால் புல்மேட்டில் ஏறினால் சக்கிமுக்கிக் கற்களால் கட்டிய ஒரு மதில் வரும். அங்கே நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குக்மியர் ஆறு பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போவது முழுதாகத் தெரியும். உண்மையில் அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடுவதில்லை. 1846-இல் நேர்க்கால்வாய் ஒன்றை வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். பழைய வளைவுகள் தேங்கிய நீருடன் அப்படியே இருக்கின்றன. ஆற்று வளைவு என்று புவியியல் பாடத்தில் படிக்கும் பிள்ளை அதை அங்கே கண்ணால் பார்க்கும்.

மதிலைத் தாண்டினால் ஃபிரிஸ்டன் காடு. ஒளி சட்டென்று மாறுகிறது. காற்றின் இரைச்சல் தலைக்கு மேலே போய்விடுகிறது. நீளமான படிக்கட்டு ஒன்று மரங்களுக்கு நடுவே இறங்கி வெஸ்ட்டீன் என்ற சின்னக் கிராமத்தில் விடும். குளம், கற்சுவர்கள், நார்மன் காலக் கோபுரத்துடன் ஒரு பழைய தேவாலயம். கடை கிடையாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போங்கள், அங்கே மக்கள் வசிக்கிறார்கள்.

இந்தக் காடு தானாக முளைத்ததில்லை. 1926-இல் வனத்துறை ஆணையம் நடத் தொடங்கிய காடு. சுண்ண மண்ணில் நன்றாக வளர்வது பீச் மரம். ஆனால் உப்புக் காற்றில் இளம் பீச் கன்றுகள் கருகிவிடும். அதனால் பைன் மரங்களை இடையிடையே நட்டு, அவற்றின் மறைவில் பீச்சை வளர்த்தார்கள். பீச் தலையெடுத்த பின் பைன்களை வெட்டி எடுத்தார்கள். இன்று நாம் நடக்கும் நிழல், நட்டவர்களில் பலர் பார்க்காமலே போன நிழல். இதை அங்கே மரத்தடியில் நிறுத்திச் சொன்னபோது, எதற்கும் அசையாத ஒரு பதின்வயதுப் பையன் மரத்தைத் தொட்டுப் பார்த்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

காட்டுத் தடங்களில் மெல்லச் சுற்றி எக்ஸீட்டுக்கே திரும்பலாம். வழிகாட்டிக் கம்பங்களைப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிமை உண்டு, ஓரம் ஒதுங்க வேண்டும். ஓக் கொட்டைச் சின்னம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. இங்கே அது வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் போகும் சவுத் டவுன்ஸ் வே. இவற்றைக் கற்றுக்கொண்ட பிள்ளை இந்த நாட்டின் எந்த மூலையிலும் நடக்கும்.

அடுத்தது கடல் வளையம். அதற்குப் பிரதான சாலையைக் கடக்க வேண்டும். வாகனங்கள் விரைந்து வரும் சாலை அது. மொத்தக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் கடக்க வையுங்கள்; இருவர் இருவராக ஓட விடாதீர்கள். அப்பால் வாயிலுக்குள் நுழைந்தால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளத்தாக்கின் தளத்தில் கடற்கரைப் பக்கம் போகும் கான்கிரீட் தடம், சமதளம். தள்ளுவண்டிக் குழந்தைகளும் முழங்கால் வலிக்கும் அம்மம்மாமாரும் நிம்மதியாகப் போகலாம். நீர்ப்பறவைகளும் ஆடுகளும் பக்கத்திலேயே இருக்கும். மற்றது மலைச்சரிவில் ஏறும் பாதை. நடக்கக்கூடியவர்கள் இதில் ஏறட்டும். இரண்டு கூட்டமும் கடலருகே தாழ்நிலத்தில் சந்தித்து, தளத் தடத்தின் வழியாக ஒன்றாகத் திரும்பலாம்.

ஏறும் பாதை செங்குத்தில்லை, ஆனால் மூச்சு வாங்கும். வாங்கட்டும். இரண்டு பக்கமும் ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கிய புல். அப்படி மேயப்பட்ட சுண்ணநிலப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கலாம் என்கிறார்கள் தாவரவியலார். ஜூலை, ஆகஸ்டில் நீலநிறப் பட்டாம்பூச்சிகள் முழங்கால் உயரத்தில் பறக்கும். வானம்பாடி நம் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று பாடிக்கொண்டே இருக்கும். மேலே போகப் போகப் புதர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். தென்மேற்குக் காற்று அவற்றை அப்படிச் சீவி வைத்திருக்கிறது. உச்சி ஹேவன் பிரௌ. ஏழு சகோதரிகளில் உயரமானவள் அவள்தான், 77 மீட்டர். கிழக்கே மற்றவர்கள் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறார்கள். முன்பு நீர் ஓடி வெட்டிய பள்ளத்தாக்குகளைக் கடல் குறுக்கே அறுத்ததால் வந்த வடிவம் அது. மேற்கே ஆற்றுமுகம், அதற்கு அப்பால் சீஃபோர்டு ஹெட், அதன் காலடியில் கடலோரக் காவலர்களின் பழைய வீடுகள். காலையில் முல்லை, மதியத்தில் நெய்தல். ஒரே நடையில் இரண்டு திணையும் கிடைக்கும் இடம் எத்தனை இருக்கும்?

இந்தக் காட்சிக்கு விளிம்புக்குப் போகத் தேவையே இல்லை. நன்றாகக் கேளுங்கள், இது என் அனுபவத்தில் உறுதியான விஷயம். விளிம்பில் நிற்பவருக்குத் தெரிவது கடலும் வானமும் மட்டும். அவர் நிற்கும் பாறையின் முகம் அவருக்குத் தெரியாது. ஏழு சகோதரிகளின் வெண்முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். குடும்பப் படத்துக்கு மிக நல்ல இடம் ஹேவன் பிரௌ சரிவின் உட்பக்கம்: பின்னணியில் பள்ளத்தாக்கு முழுதும் வரும், ஆற்று வளைவுகள் வரும், காற்றும் குறைவு. விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர், அதாவது வளர்ந்தவர் நடையில் ஏழு தப்படி. இதை உங்கள் அமைப்பின் விதியாக எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒரு பெரியவர் கடல் பக்கமாக நடக்கட்டும், அவருக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. சங்கத் தலைவரே ஆனாலும் சரி.

பத்திரிகைகளில் வரும் அந்தப் புகழ்பெற்ற காட்சி, காவலர் வீடுகள் முன்னே, வெண்பாறைகள் பின்னே, ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து எடுத்தது. கிழக்குக் கரையில் நடந்து வந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஆற்றைக் கடக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஆற்றுமுகத்தில் கால் வைக்கவே கூடாது. ஆழம் நேரத்துக்கு நேரம் மாறும், இழுப்பும் கடுமை. அந்தப் படம் வேண்டுமானால் எக்ஸீட் பாலத்துக்குத் திரும்பி மறுகரைப் பாதையில் வர வேண்டும். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் சேவையைக் கேட்க வேண்டும். போலீஸோ ஆம்புலன்ஸோ என்று தடுமாற வேண்டாம். யாராவது சரிந்துவிட்டால் பின்னாலேயே இன்னொருவர் இறங்கக்கூடாது. நம் பண்பு அப்படி இறங்கச் சொல்லும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த நிலம் எப்படி நமக்குத் திறந்திருக்கிறது என்பதையும் கோச்சில் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். 1920களில் இந்தப் பாறைகளின் மேல் மனை போட்டு வீடு கட்டும் திட்டம் வந்தது. மேற்கே பீஸ்ஹேவனில் அப்படித்தான் நடந்திருந்தது. சசெக்ஸ் மக்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி, குரோலிங்க் பகுதி நிலத்தை 1926-இல் மீட்டார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 2009-இல் கடலோர அணுகல் சட்டம் வந்து, இங்கிலாந்தின் கரை முழுவதும் நடக்கும் பாதைக்கு வழி செய்தது. பாறை இடிந்தால் பாதையைப் பின்னுக்கு நகர்த்தவும் அந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. யாரோ தம் கையிலிருந்த காசைப் போட்டு, வாதாடி, சட்டமாக்கி வைத்த உரிமை. இங்கே வரி கட்டி வாழும் நமக்கும் அது முழு உரிமை. 2019-இல் அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட தேசியப் பூங்காக்கள் பற்றிய மீளாய்வு, சிறுபான்மைச் சமூகத்தவர் இந்த இடங்களுக்கு மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறுவதை வருகை என்று நான் கணக்கிடமாட்டேன். நடக்க வேண்டும். பாதை தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை சங்கம் இல்லாமலே தாமாக வரத் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் சில சொற்கள். செருப்பும் குதியுயர்ந்த காலணியும் வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். மழை பெய்த சுண்ணப்பாதை வழுக்கும், காய்ந்த புல்லும் சரிவில் வழுக்கும். எக்ஸீட்டை விட்டு இறங்கினால் பாறை உச்சியில் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை, நிழலும் இல்லை. ஆகஸ்டிலும் காற்றுக்கு ஒரு மேலங்கி வேண்டும். சாப்பாட்டை இரண்டு வளையங்களுக்கும் நடுவில் எக்ஸீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மீதத்தையும் குப்பையையும் கோச்சிலேயே திருப்பி ஏற்றுங்கள். இறைச்சி சுடும் அடுப்பைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கோடையில் அந்தக் காடும் புல்லும் எவ்வளவு காய்ந்திருக்கும் என்று ஒரு முறை மிதித்துப் பார்த்தால் தெரியும். ஆட்டுப் பட்டி வாயில்களைத் திறந்தால் மூடுங்கள். கடைசியாக வருபவர் மூடுவார் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம், வானம்பாடியைக் கேட்க விடுங்கள்.

‘வயதானவர்கள் இருக்கிறார்களே, நடை ஒத்துவராதே’ என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். தளத் தடத்தைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். ‘பிரைட்டனைக் காட்டாவிட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள்’ என்று இன்னொருவர் சொல்வார். பிரைட்டன் ரயிலேறினால் போய்விடும் ஊர், எந்த வார இறுதியிலும் போகலாம். ஒரு நாளில் மூன்று இடங்களைத் தொட்டுவிட்டு ஓடும் சுற்றுலாவில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது கோச்சின் இருக்கை மட்டுமே என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

உங்களிடம் நான் குறிப்பாகக் கேட்பது இதுதான். அடுத்த கோடைச் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும் முன், ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு சனிக்கிழமை நிர்வாகக் குழுவினர் மட்டும் எக்ஸீட்டுக்குப் போய் இரண்டு வளையங்களையும் நடந்து பாருங்கள். எவ்வளவு நேரமாகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே பிள்ளைகளைக் கையில் பிடிக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட வழிகாட்ட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். என்னைப்போல் அந்தப் பாதையை அறிந்த தமிழர்கள் வேறு சிலரும் உங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே இருப்பார்கள், பொதுக்கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அப்படி நடந்து பார்த்த பிறகும் விளிம்பில் ஒரு மணி நேரம்தான் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கான காரணத்தை உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
தமிழ்ப் பள்ளியொன்றின் பெற்றோரில் ஒருவர்